வாயற்ற அலர்: கொலைக்களக் காதையும் கைப்பேசி வதந்தியும்

தோற்றுவாய்

ஊர் என ஒன்று உள்ளவிடத்து ஊர்ப்பேச்சு என ஒன்றும் உண்டு. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பது நம் பழமொழி. இப்பேச்சின் இயல்பை நுணுகி நோக்கி, அம்பல் எனவும் அலர் எனவும் இருவேறு பெயரிட்டு, அதற்கு இலக்கணத்துள்ளும் இடந்தந்தவர் தமிழர். இன்று கைப்பேசி வழியாகவும் சமூக ஊடகங்கள் வழியாகவும் பரவும் வதந்திகளைப் பற்றி எழுதுவோருள் சிலர், ‘இது பண்டைய அலரே, கருவி மட்டுமே புதிது’ என்று கூறி அமைகின்றனர். இக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொருந்தாது என்பது எம் முடிபு. பொருந்தாமைக்குரிய காரணத்தை அறிந்தால், இத்தளங்களால் விளையும் தீங்கு எங்குத் தோன்றுகின்றது என்பதும் விளங்கும்.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி எனக் கருதுதல் வேண்டா. 2018ஆம் ஆண்டில் இவ்வகைப் பேச்சினால் நம் நாட்டில் உயிர்கள் போயின. பழைய பெயரைப் புதிய தீமைக்கு இட்டுவிட்டால், ‘என்றும் உள்ளதுதானே’ என்னும் அமைதி நமக்கு வந்துவிடும். அவ்வமைதியே தவறு என்பது எம் கருத்து. சங்கப் புலவர் கைப்பேசியை முன்னுணர்ந்து பாடினர் என்று கூறுவதும் எம் நோக்கமன்று. பழைய நூல் ஓர் அளவுகோலாக நின்று, புதிய பொருளின் வேறுபாட்டை அளந்து காட்டவல்லது. அவ்வளவிற்கே ஈண்டு அதனைப் பயன்கொள்கின்றோம்.

அம்பலும் அலரும்

தொல்காப்பியர் களவியலில், அம்பலும் அலரும் களவை வெளிப்படுத்துவன என்று கூறி, அவற்றிற்கு முதல்வன் தலைவனே என்று வரையறுக்கின்றார். இந்நூற்பாவின் அருமை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பேச்சுப் பரவுகின்றது என்று கூறி நில்லாமல், அப்பேச்சிற்கு முதல்வன் யார் என்னும் வினாவை இலக்கண ஆசிரியர் எழுப்புகின்றார். பேச்சு எத்துணைப் பரந்தாலும், அதனைக் கைப்பற்றி அதன் வேர் வரைக்கும் செல்லலாம் என்பது அவர் கொள்கை.

இறையனார் களவியலுரை இவ்விரண்டனையும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. அம்பல் என்பது மொட்டு நிலை. இன்னாரைப் பற்றியது என விளங்காது, குறிப்பாகவே நிகழ்வது. அலர் என்பது மலர்ந்த நிலை. இன்னானுக்கும் இன்னாளுக்கும் இன்னது உண்டு எனப் பெயர் விளங்கப் பலரும் சொல்லுவது. அஃதாவது, அம்பலில் வாய் சில, ஆளும் தெளிவில்லை. அலரில் வாய் பல, ஆள் தெளிவு. பேச்சு விரிய விரியப் பேசப்படும் ஆளும் தெளிவுபெறுதல் இவ்வமைப்பின் அடிப்படை. இதனை நெஞ்சில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

அகப்பாடல்களைத் தொகுத்து நோக்குங்கால் அலருக்கு மூன்று இயல்புகள் புலப்படுகின்றன. முதலாவது, அதற்கு வாய் உண்டு. தெருவிற் கூடும் பெண்டிர், அயலார், சினந்த தாய் எனத் தூற்றுவோர் இன்னார் என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். இரண்டாவது, அதற்கு எல்லை உண்டு. அலர் ஊரளவினது, தலைவனையும் தலைவியையும் அறியாத அயல்நாட்டார்க்கு அதனாற் பயனில்லை. மூன்றாவது, அதற்கு முடிவு உண்டு. அலரைக் காட்டித் தோழி தலைவனை வரைவு கடாவுகின்றாள். மணம் நிகழ்ந்ததும் அவ்வலர் அடங்குகின்றது.

அலர் தீங்கற்றது என்று யாம் கூறவில்லை. அதனால் தலைவி இற்செறிக்கப்படுகின்றாள், உடல் மெலிகின்றாள். அலர் உண்மையின் அளவைக் கடந்து பெருகும் என்பதும் புலவர்க்குத் தெரியும். மதுரை நக்கீரர் அகநானூற்று 36ஆம் பாட்டில், தலைவனது பரத்தைமை பற்றி எழுந்த அலரை, தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் எழுவரை வென்ற நாளில் எழுந்த ஆரவாரத்தினும் பெரிது என்கின்றார். திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரம், கண்டது ஒருநாளே ஆயினும் அலரோ திங்களைப் பாம்பு கொண்ட செய்திபோல எங்கும் பரந்தது எனத் தலைவி கூறுவதாக அமைக்கின்றது. ஆயினும், பெருகிய பேச்சின் அடியில் ‘கண்டது ஒருநாள்’ என ஒரு நிகழ்ச்சி உண்டு. பேசியவர் முகமும் உண்டு. முகம் உண்மையின் நாணமும் உண்டு. பொய் எனின் தெருவிலேயே அது மறுக்கப்படும்.

தளத்தின் இயல்பு

இனி இக்காலத் தளங்களை நோக்குவோம். வாட்ஸ்அப் 2009ஆம் ஆண்டில் தோன்றியது. 2014இல் பேஸ்புக் நிறுவனம் அதனை வாங்குவதாக அறிவித்தது. பேஸ்புக், யூடியூப் போன்ற தளங்களின் வருவாய் பெரும்பாலும் விளம்பரத்தால் வருவது. விளம்பரம் கண்ணில் படவேண்டுமாயின் மக்கள் தளத்தை விட்டு நீங்காதிருத்தல் வேண்டும். ஆகவே நெஞ்சைக் கிளறுவது எதுவோ அதுவே முன்வைக்கப்படுகின்றது. வாட்ஸ்அப்பின் தனிச்செய்திகள் இவ்வாறு வரிசைப்படுத்தப்படுவன அல்ல. அங்குத் தீங்கின் ஊற்று வேறு; வந்ததை ஒரு விரல் தொட்டு மற்றவர்க்கு அனுப்பும் எளிமையே அது.

இவ்வெளிமையின் தன்மையை ஏட்டுச்சுவடியோடு ஒப்பிடலாம். ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் பிழை செய்தார், அடிகளை விட்டார், எழுத்தை மாற்றினார். ஆயினும் எழுத்தெழுத்தாகக் கண்ணால் கண்டு எழுதினார். படியெடுத்தவர் ஓரளவேனும் படித்தவர். கைப்பேசியிற் படியெடுப்பவர் ஓர் எழுத்தும் பிழையாது படியெடுக்கின்றார். ஆனால் படிக்க வேண்டிய கடமை அவர்க்கு இல்லை. டுவிட்டர் நிறுவனம் 2020இல், ஒரு கட்டுரையைத் திறவாமலே பகிர முற்படுவோரிடம் ‘முதலிற் படிக்கின்றீரா?’ எனக் கேட்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. அப்படியொரு வினா வேண்டப்பட்டதே இதற்குச் சான்று.

பொய்யின் விரைவையும் அளந்துள்ளனர். அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018 மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச்செய்தியினும் 70 விழுக்காடு மிகுதி. 1,500 பேரைச் சென்றடைய மெய் எடுத்துக்கொண்ட காலம் பொய்யினதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதரே என்பது அவர்கள் கண்ட முடிவு. பொய் புதுமையுடையது, புதுமையைப் பிறர்க்குச் சொல்வதில் மனிதர்க்கு ஓர் இன்பம் உண்டு. அவ்வின்பம் பழையது, அதற்குத் தடையாயிருந்த தெருவின் நாணம் மட்டுமே இப்போது நீங்கியுள்ளது.

2018ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள்

குழந்தை கடத்துவோர் வடமாநிலங்களிலிருந்து கூட்டமாக வந்துள்ளனர் என்னும் வதந்தி 2018ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் கைப்பேசி வழியே பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில், சென்னையிலிருந்து உறவினருடன் குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்ற மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் அடித்துக் கொல்லப்பட்டார்; உடன்சென்றோர் படுகாயமுற்றனர். வழியிற் கண்ட குழந்தைகளுக்கு அவர் இனிப்புக் கொடுத்ததே ஐயத்திற்குக் காரணமாயிற்று. அதே நாள்களில் பழவேற்காட்டில் ஓர் ஆடவரும் அவ்வாறே கொல்லப்பட்டார். சூலை 1ஆம் நாள் மகாராட்டிர மாநிலம் துலே மாவட்டத்து ரெயின்பாடா என்னும் ஊரில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டனர்.

போளூர் நிகழ்ச்சியை உற்றுநோக்குக. வதந்தி வடமாநிலத்தாரைப் பற்றியது; இறந்தவரோ தமிழ்நாட்டு மூதாட்டி. வதந்தியில் அவர் பெயரில்லை, உருவமில்லை, ஊருமில்லை. ஆளில்லாத அச்சம் முதலில் ஊருக்குள் வந்தது. ஆள் பின்னர்க் கிடைத்தார். முன்னர்க் கூறிய வேறுபாட்டை ஈண்டு நினைவுகொள்ளல் வேண்டும். அலரில் வாய் பலவாகும்போது ஆளும் தெளிவாவார். கைப்பேசி வதந்தியில் வாய் பல்லாயிரம் ஆகியும் ஆள் தெளிவாவதில்லை. அம்பலின் மறைவும் அலரின் பரப்பும் ஒன்றாய்க் கலந்த புதுப்பொருள் இது. நம் இலக்கணம் இதற்குப் பெயரிடவில்லை. அன்று இது நிகழ வழியில்லை. ஆள் தெளிவில்லாத குற்றச்சாட்டு எங்கும் பரந்து கிடக்குமாயின், அவ்வழியே வரும் அயலார் எவரும் அதற்கு ஆளாவர்.

இதற்கு வாயும் இல்லை. ஆனால் வாயில்லாதது போல் தோன்றுவதுமில்லை. குடும்பக் குழுவில் அத்தையின் பெயரோடு வருகின்றது. ஊர்க்குழுவில் பள்ளித்தோழன் பெயரோடு வருகின்றது. காலை வணக்கமும் திருமண அழைப்பும் அனுப்பிய அதே கையிலிருந்து இதுவும் வருதலின், உறவின் நம்பிக்கை இதற்கும் ஒட்டிக்கொள்கின்றது. வதந்திக்குத் தனக்கென வாயில்லை. உறவினர் வாயை இரவல் வாங்குகின்றது. அன்றாட வாழ்வில் இத்தளங்கள் பெற்ற செல்வாக்கே அதன் தீங்கிற்கும் வழியாதல் இங்ஙனம்.

அவ்வாண்டில் இந்தியாவிற் பரவிய காட்சிகளுள் ஒன்று, பாகிசுத்தானத்துக் கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்த எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மோட்டார் சைக்கிளில் வந்தோர் குழந்தையைத் தூக்கிச் செல்வர். பின்னர்த் திரும்பி வந்து குழந்தையை விட்டு, அறிவுரை எழுதிய பலகையைக் காட்டுவர். பரப்பியோர் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டனர். பாட ஆராய்ச்சி செய்வோர்க்கு இது புதிதன்று. ஈற்றேடு இழந்த சுவடி பொருள் மாறுபடும் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஏடு இழந்த இடத்தைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவார். அக்காட்சியில் வெட்டிய இடம் தெரியவில்லை.

கொலைக்களக் காதை காட்டும் படிமுறை

வதந்தி கொலையாக முதிரும் படிமுறையை நம் இலக்கியத்தில் மிகத் தெளிவாகக் காட்டுவது சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை. கோவலன் கொலையை ஊழின் வினை என்று கூறிக் கடப்பது எளிது. இளங்கோவடிகள் அவ்வாறு கடந்தாரல்லர். ஐயம் கொலையாகும் நெறியைப் படிப்படியாக வைத்துக் காட்டுகின்றார்.

முதற்படி, குற்றவாளியே குற்றஞ்சாட்டுதல். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், தன்மேல் வரும் பழியை அயலான் மேல் ஏற்றுகின்றான். கோவலன் மதுரைக்குப் புதியவன். அவனை அறிந்து சான்றுகூறுவார் கடைத்தெருவில் இல்லை. இரண்டாம் படி, ஆராயாத ஆணை. அரசியின் ஊடலைத் தணிக்க விரையும் பாண்டியன், வாயிலில் நின்றபடியே கேட்டு அப்பொழுதே ஆணையிடுகின்றான். கேட்பவன் நெஞ்சு வேறொன்றில் இருக்கும்போது செய்தி வருதல் ஈண்டுக் குறிக்கொள்ளத் தக்கது.

மூன்றாம் படியே இக்காதையின் நெஞ்சு எனலாம். கோவலனைக் கண்ட காவலர், இவன் முகக்குறி கள்வனுடையதன்று என்று ஐயுறுகின்றனர். கண்ணெதிரே நின்ற மனிதன், கேட்ட செய்தியை மறுக்கின்றான். அந்நிலையில் பொற்கொல்லன் கோவலனைப் பற்றி யாதொரு சான்றும் தரவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் களவுநூல் கூறும் எட்டனையும் விரித்துரைக்கின்றான். இவன் கள்வன் என்பதற்குக் கள்வர் பொல்லாதவர் என்பதே சான்றாக நிற்கின்றது. பொதுவுரை தனியாள் மேல் ஏறுகின்றது.

நான்காம் படி, ‘யானே கண்டேன்’ என்னும் கதை. வேலேந்திய இளைஞன் ஒருவன், முன்னொருநாள் நள்ளிரவில் கள்வன் ஒருவன் தன் வாளைப் பறித்து மறைந்ததைக் கூறுகின்றான். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அதற்கும் கோவலனுக்கும் தொடர்பில்லை. இக்கள்வனைத் தப்பவிட்டால் அரசன் நம்மை ஒறுப்பான் என்னும் அச்சமும் அவன் உரையிற் கலந்துள்ளது. ஐந்தாம் படி செயல். கல்லாத களிமகன் ஒருவன் வாளை எறிகின்றான். வாதத்தில் அவன் கலந்துகொண்டதே இல்லை. பேசியவர் வெட்டவில்லை, வெட்டியவன் பேசவில்லை.

2018ஆம் ஆண்டு வதந்திகளும் இதே படிகளில் ஏறின: கள்வரைப் பற்றிய பொதுவுரை, ‘எங்கள் பக்கத்து ஊரில் நடந்தது’ என்னும் குரற்பதிவு, தப்பவிட்டால் நம் குழந்தைக்கு ஆபத்து என்னும் அச்சம், ஈற்றில் எவனோ ஒருவன் கை. ஒற்றுமை இவ்வளவே, வேற்றுமை அதனினும் பெரிது. மதுரையில் மூன்றாம் படியில் ஒரு தயக்கம் இருந்தது. காவலர் முகத்தை நோக்கினர். வாய்விட்டு ஐயத்தைச் சொல்லினர். அதனை வெல்லப் பொற்கொல்லன் நேரில் நின்று வாதிட வேண்டியிருந்தது. கைப்பேசியில் பொதுவுரையும் கதையும் அச்சமும் ஆள் வருமுன்னரே ஊரை நிறைத்துவிடுகின்றன. ஆகவே அயலார் ஊருக்குள் வரும்போது முதல் நான்கு படிகளும் முன்பே முடிந்து, ஐந்தாம் படி ஒன்றே எஞ்சி நிற்கின்றது.

மதுரையில் முதல்வனும் இருந்தான். கண்ணகி அவைபுகுந்து சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டியபோது, அரசன் கள்வன் தானே எனக் கூறி வீழ்கின்றான். தான் கேட்ட சொல்லைத் தந்தவன் பொற்கொல்லன் என்று அவன் பழியைத் தள்ளி நிற்கவில்லை; ஆராயாது ஏற்ற செவியும் முதல்வன் என ஒப்புக்கொள்கின்றான். வந்ததை அனுப்பினேன், அவ்வளவே என்று இன்று நாம் கூறும் அமைதி அப்பாண்டியனுக்குக் கிட்டவில்லை.

தடைகளும் விடைகளும்

வதந்தி கைப்பேசிக்கு முன்னரும் இருந்தது என்பது முதல் தடை. உண்மையே. 1995 செப்டம்பர் 21இல் பிள்ளையார் சிலை பால் அருந்துகின்றது என்னும் செய்தி ஒரேநாளில் நாடெங்கும் பரவியது. அன்றும் தொலைபேசி உதவியது. ஆயின் அழைத்தவர் தம் குரலில் தம் சொல்லாகச் சொன்னார். கேட்டவரும் கரண்டியோடு கோயிலுக்குச் சென்று தாமே பார்க்க முற்பட்டார். விரைவு இருந்தது, வாயும் இருந்தது.

கொன்றவரை விட்டுக் கருவியைப் பழித்தல் தகுமா என்பது இரண்டாவது. தகாது. கொலை செய்தவர் குற்றம் கொலை செய்தவருடையதே. எனினும் நிறுவனமே தன் அமைப்பை மாற்றியது. வாட்ஸ்அப் 2018 சூலையில், வந்ததைப் பகிர்ந்த செய்திக்குத் தனி அடையாளம் இட்டது; இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு செய்தது; 2019 சனவரியில் அவ்வரம்பை உலகெங்கும் விரித்தது. 2020 ஏப்பிரலில், பன்முறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று வரையறுத்தது. தடையின் தேவை, எளிமையே தீங்கிற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்வதாகும். ஆனால் அவ்வடையாளம், அனுப்புநர் இதன் முதல்வர் அல்லர் என்று மட்டும் கூறுகின்றது. முதல்வர் யார் என்று கூறுவதில்லை.

அங்ஙனமாயின் சட்டத்தால் முதல்வரைக் காணலாகாதா? 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட விதிகள், பெருந்தளங்கள் ஒரு செய்தியின் முதல் அனுப்புநரைக் காட்டும் வழிவகை செய்தல் வேண்டும் என்றன. தனிமறைவு அழியும் எனக் கூறி வாட்ஸ்அப் நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. இவ்வழக்கில் இருபுறமும் பொருள் உண்டு. பொய்யனை அடையாளங்காட்டும் கருவியே, ஆள்வோர்க்கு ஒவ்வாத மெய்யை உரைப்பவரையும் அடையாளங்காட்டும். ஆதலின் முழுப் பொறுப்பையும் சட்டத்தின் மேல் வைத்தல் அமையாது.

நன்மையை மறைத்தலும் முறையன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, இத்தளங்கள் வழியாகவே பலர் படகும் உணவும் பெற்றனர். அன்று உதவி கேட்டவர் தம் பெயரும் தெருவும் சொன்னார்; உதவுவோரும் அவ்வாறே. ஆளும் வாயும் தெளிவாக இருந்தவிடத்துக் கருவி அறம் செய்தது.

நம் துறையும் நாமும்

இத்தீங்கு சிற்றூர் மக்களின் அறியாமையால் வருவது என்று கருதும் உரிமை நமக்கு இல்லை. எம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் ஒருவர், தம் கட்டுரையில் ஓர் அடியைப் புறநானூற்று அடியாகக் காட்டியிருந்தார். அது நூலில் இல்லை. எங்கிருந்து எடுத்தீர் என்று வினவினோம். “குழுவில் வந்தது, ஐயா” என்றார். அதே அடி, தமிழறிந்தோர் பலர் உள்ள ஒரு குழுவில் எமக்கும் சில திங்களுக்கு முன் வந்திருந்தது. ஐயுற்றோம், ஆயினும் மூத்தார் ஒருவர் அனுப்பியது ஆதலின் மறுக்காது கடந்தோம். மாணவர் கட்டுரையைத் திருத்தும்போது, அப்பிழையில் எம் பங்கும் உண்டு என்பதை உணர்ந்தோம். சிறு பிழைதான், எவர் உயிரும் போகவில்லை. எனினும் ஐயுற்ற வாய் அடங்கியதும், இரவல் வாய் வென்றதும் அங்கும் நிகழ்ந்தன.

உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல பிரதிகளை ஒப்புநோக்கினார். பாட வேறுபாடுகளைக் காட்டினார். கிடைத்தது யாரிடமிருந்து, குறைந்தது எவ்விடத்தில் என்னும் வினாக்களே பதிப்புத்துறையின் உயிர். நமக்கு இவை பழகிய வினாக்கள். ஏட்டிற்கு மட்டும் அவற்றை வைத்துக்கொண்டு, கையில் உள்ள கருவிக்கு விட்டுவிட்டோம்.

முடிவுரை

கைப்பேசி வதந்தி அலர் அன்று. அலருக்கு வாயும் எல்லையும் முடிவும் உண்டு. இதற்கு இம்மூன்றும் இல்லை. அம்பல்போல் ஆளை மறைத்து, அலர்போல் எங்கும் பரந்து, உறவின் குரலை இரவல் பெற்று, வரும் அயலாரைக் குற்றவாளியாக்குவது இதன் இயல்பு. தொல்காப்பியர் எழுப்பிய ‘முதல்வன் யார்?’ என்னும் வினாவிற்கு இங்கு விடை எளிதிற் கிட்டாது. விடை கிட்டாத சொல்லைப் பிறர்க்கு அனுப்பாது நிறுத்துதல் நம் கையில் உள்ளது. மதுரைக் காவலர் கோவலன் முகத்தை நோக்கிச் சற்றே தயங்கினர். அத்தயக்கம் இன்னும் சிறிது நேரம் நின்றிருப்பின் காப்பியம் வேறாக முடிந்திருக்கும். மாணவர்க்கு நாம் கற்பிக்கவேண்டுவது அத்தயக்கத்தையே. அதனை முதலில் நாம் பயிலுதல் வேண்டும்.